பெரியப்பாவின் பிரஷர்

“நீ வந்தாத்தான் நடப்பேன். இல்லன்னா போய்ப் படுத்துக்கிறேன்!”

கேட்டைப் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தார் ஆதிமூலம். எழுபத்தொரு வயசு ஆள் செய்கிற காரியமா இது? எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கீதாஞ்சலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் இதே கூத்துதான். அவர் மனைவி காசியம்மாள் வீங்கின காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“முட்டி வலின்னு நேத்து அழுதீங்களே பெரியம்மா. அவரு தனியா போனா என்னவாம்?”

“போக மாட்டாரேடி. அவருக்கு பிரஷர் ஜாஸ்தி. ரத்தக்குழாய் இறுகிட்டு வருதாம். தினம் அரைமணி நேரம் நடக்கணும்னு மருத்துவ முகாம்ல டாக்டர் சொன்னாராம். உப்பைக்கூட கம்மி பண்ணிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே சமையல்தான்.”

காசியம்மாள் கேட்டருகே நின்ற கணவரைப் பார்த்தார்.

“அவருக்கு ஒண்ணுன்னா நான் எங்கடி போவேன்?”

பால் வாங்கிக்கொண்டு கிரிவலப் பாதையில் திரும்பும்போது கீதாஞ்சலி அவர்களை மறுபடி பார்த்தாள். காசியம்மாள் பாதையோரப் பிள்ளையாரிடம் கண்ணை மூடி நின்றிருந்தார். ஆதிமூலம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு விடுவதில்லை.

“உங்க உடம்புக்காக அவங்களை இப்படி இழுத்தடிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு பெரியப்பா?”

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த முகாம் சீட்டை எடுத்து நீட்டினார்.

“நூத்தி எண்பதுக்கு நூத்திப்பத்து” என்று படித்தாள் கீதாஞ்சலி. “பிரஷர் ஜாஸ்தி. அதான் பெரியம்மா சொன்னாங்களே!”

“மேல பேரைப் படிம்மா.”

‘காசியம்மாள். வயது 66. பெண்.’

கீதாஞ்சலி பேரை இன்னொரு தரம் படித்தாள்.

“அவளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டு எனக்குன்னு சொல்லிட்டேன். மாத்திரையை முட்டி வலிக்குன்னு குடுக்குறேன்” என்றார் தாழ்ந்த குரலில். “போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஆஸ்பத்திரிக்கு வரலம்மா. முகாமுக்குக்கூட எனக்குத் துணையாத்தான் வந்தா. தனக்குன்னா ஓரடி எடுத்து வைக்க மாட்டா. எனக்குன்னா மலையையே சுத்துவா.”

காசியம்மாள் வரவும் சீட்டு பைக்குள் போனது. அவர் தன் கணவரின் நெற்றியில் விபூதி பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார்.

“உங்களுக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க பெரியம்மா?” என்று கேட்டாள் கீதாஞ்சலி.

“எனக்கென்னடி, நான் நல்லாத்தானே இருக்கேன்!”