பென்சீன்: இல்லை

ரத்தப்பை பாதி நிறைந்திருந்தது.

அவள் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலருகே வேதகிரி நின்றான். எதிர்வீட்டுக்காரன். அவன் மனைவி அம்சவேணிக்காகத்தான் இந்த ரத்தம்.

"வேலையும் நீங்க சொல்லி வாங்கிக் குடுத்ததுதான். இப்ப ரத்தமும் நீங்கதான்" என்றான். "எப்படிக்கா இத மறப்பேன்?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

அம்சவேணிக்கு ஷூ கம்பெனியில் வேலை. தோலில் பசை தடவி ஒட்டும் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை. பன்னிரண்டு பெண்கள். பசையை இளக்க டொலுயீன் ஊற்றுவார்கள்.

அந்த டொலுயீன் இவளுடைய ஆலையிலிருந்து போவது.

இவள் அங்கே கெமிஸ்ட்.

பீப்பாய்களில் பழைய கரைப்பான் வரும். பென்சீனும் டொலுயீனும் கலந்தது. பென்சீன் விஷம்; அதைப் பிரித்தெடுத்தாக வேண்டும். சூடாக்கினால் பென்சீன் முந்திக்கொண்டு ஆவியாகும். ஆனால் தனியாகப் போகாது. கொஞ்சம் டொலுயீனையும் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் பென்சீன் கீழேயே தங்கும். அதனால் ஆவியைக் குளிரவைத்து, மறுபடி காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்குள் இறக்கி, மறுபடி ஆவியாக்க வேண்டும். பல தடவை.

நேரம் பிடிக்கும் வேலை.

"ரெண்டு மணி நேரத்தக் குறைங்க" என்றார் மேனேஜர். "யார் பாக்கப் போறாங்க?"

அவள் பார்த்தாள்.

சோதனைத் தாளின் வரைகோட்டில் டொலுயீனின் பெரிய முகட்டுக்கு முன்னால் சின்னதாக பென்சீனின் முகடு.

'பென்சீன்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

எட்டு மாதம்.

கோபுரத்தில் பிரியாதது அம்சவேணியின் பசைக் கிண்ணத்தில் பிரிந்தது. அதற்கு அடுப்பு வேண்டியிருக்கவில்லை. அறையின் புழுக்கமே போதுமானதாக இருந்தது.

நர்ஸ் ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள்.

மருத்துவர் உள்ளே வந்தார். சின்ன வயதுப் பெண். வேதகிரியைத் தேடித்தான் வந்திருந்தார்.

"எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி பண்றத நிறுத்திடுச்சு. ஏன்னுதான் தெரியல. அவங்க வேலை செய்யற எடத்துல என்ன கெமிக்கல்?"

"பேஸ்ட்டுங்க மேடம். டின்னுல டொலுயீன்னு போட்டிருக்கும்."

"அது மட்டும்னா இப்படி ஆகாதே."

மருத்துவர் கோப்பில் எழுதத் தொடங்கினார். 'காரணம்: தெரியவில்லை.'

அவள் எழுந்து உட்கார்ந்தாள். செருப்பு காலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது.

"அதுல பென்சீன் இருக்கு" என்றாள்.

பேனா நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

வேதகிரிக்கு முதலில் விளங்கவில்லை. மருத்துவரின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தை.

விளங்கியதும் அவன் கத்தவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க இன்னும் பதினோரு பேரு ஒட்டினு கீறாங்க."

அக்கா என்று சொல்லவில்லை.

"இன்னிக்கும் லோடு போச்சா?"

காலை ஒன்பது மணிக்குப் போயிருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வந்திருந்தாள்.

கைப்பையில் கைப்பேசியைத் துழாவினாள். ஷூ கம்பெனியின் எண் அவளுக்கு மனப்பாடம்.

மறுமுனையில் ஒரு பெண்குரல். பின்னால் சிரிப்பும் பேச்சுமாக இன்னும் சில குரல்கள்.

"லோடு வந்துடுச்சு மேடம். இப்பத்தான் எல்லாருக்கும் ஊத்தினு கீறேன்."

"நிறுத்துங்க" என்றாள்.

"என்ன மேடம்? கேக்கல."

வேதகிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் சொன்னாள்.