ரேடியோ சொன்ன கதை

“அஞ்சே நிமிஷம்தான் சார். அதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க” என்று ரேடியோ சொன்னதும் சைலன்ஸ் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அஞ்சு நிமிஷமா?

அந்தப் பெரிய ஹோட்டலில், தரைக்குக் கீழே இருக்கும் சலவைப் பிரிவில்தான் இருவருக்கும் வேலை. ஒருத்தி வாய் ஓயாமல் பேசுவாள், அதனால் ரேடியோ. இன்னொருத்தி கேட்ட கேள்விக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள், அதனால் சைலன்ஸ். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன மாதம் சரக்கு லிஃப்டில் சைலன்ஸ் தனியாக மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதில் கால் வைக்கவே பயம். துவைத்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறினாள்.

“லிஃப்டுல போகலேன்னா திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்” என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். உள்ளே ஒரு அழைப்பு மணி வையுங்கள் என்று பெண்கள் கேட்டதெல்லாம் காற்றோடு போயிற்று.

இன்று புது மேனேஜர் சலவைப் பிரிவையே கூப்பிட்டு உட்காரவைத்து, “குறை இருந்தா தைரியமா சொல்லுங்க” என்றார்.

சைலன்ஸுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்தது ரேடியோ.

“அக்கா கதையை நான் சொல்றேன் சார்.”

அப்பாடா என்று இருந்தது சைலன்ஸுக்கு. அந்த நிம்மதி முதல் வரியோடு சரி.

“உள்ள லைட்டெல்லாம் நல்லா எரிஞ்சுது சார். அக்கா துணி மூட்டை மேல சாஞ்சு குட்டித் தூக்கம்கூடப் போட்டாங்க!”

மேனேஜரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “அப்ப பெரிய விஷயம் ஒண்ணுமில்ல” என்றார்.

சைலன்ஸ் ரேடியோவை முறைத்தாள். அன்றைக்குத் தேடி வந்து கதவைத் திறக்கவைத்ததே இந்த ரேடியோதான். கட்டிப்பிடித்து அழுதவள். காலையில் சூப்பர்வைசரோடு இளித்து இளித்து டீ குடித்தாளே, அப்போதே விலை போய்விட்டாள்! வேலை போகப்போவது இவளுக்கா என்ன?

“பயமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். படி ஏறினா உடம்பு இளைக்குமேன்னுதான் அக்கா…”

“பொய்!”

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். சைலன்ஸ் அக்காவும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கத்தியது அவளேதான்.

“நிறுத்துடி! அஞ்சு நிமிஷமா? ரெண்டு மணி நேரம்! தூங்கினேனா நான்? சார், ஒரே கும்மிருட்டு. கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிப் போச்சு. இங்க ஓடுற மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? போனை வெளிய வெச்சுட்டுத்தானே வேலைக்கு உள்ள வரணும்? ஸ்கூல் வாசல்ல என் பொண்ணு நிக்கிறா. எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு, இவ மட்டும் தனியா நிக்கிறா. அதுதான் சார் கண்ணு முன்னால. அவ பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். நான் பேசாதவதான், ஒத்துக்கறேன். அன்னைக்குப் பேசினேன் சார். கேக்கத்தான் ஆளில்ல!”



மேனேஜர் எழுந்தார். “எல்லாரும் வாங்க.”

நேரே சரக்கு லிஃப்டுக்குப் போய், சூப்பர்வைசரிடம், “நீங்க உள்ள போங்க. கதவு மூடினதும் சத்தம் போடுங்க, பார்ப்போம்” என்றார்.

கதவு மூடியது. பக்கத்தில் மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திறந்தபோது சூப்பர்வைசரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“கத்தினீங்களா?”

“தொண்டை கிழியக் கத்தினேன் சார்!”

“இந்த அம்மாவும் அப்படித்தான் கத்தியிருக்காங்க. நாளைக்கே மணி வைக்கணும். அதுவரைக்கும் துணியெல்லாம் விருந்தாளிங்க லிஃப்டுலயே போகட்டும். இவங்க வேலையில யாரும் கை வைக்கக் கூடாது.”

சலவைப் பிரிவே கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்தச் சூட்டோடு, “சார், எனக்கும் ஒண்ணு சொல்லணும்” என்று இஸ்திரி போடுகிறவள் முன்னால் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். சைலன்ஸ் அக்காவுக்கு வாழ்க்கையிலேயே இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனாலும் ரேடியோவைச் சும்மா விடுவதாக இல்லை. மூலையில் மடக்கிப் பிடித்தாள்.

“ஏன்டி, உனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை தடவை உன்கிட்ட சொல்லி அழுதிருக்கேன்! அத்தனையும் தப்புத் தப்பா சொன்னியே, அந்த சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்தாரா?”

ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் சரியா சொல்லியிருந்தா, நீங்க உக்காந்துட்டேதானே இருந்திருப்பீங்கக்கா?”