புது எஞ்சின்

“நிக்காம ஓடு தாயி, அது போதும்” என்று முணுமுணுத்தபடி ஃபெர்ரியின் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார் கேப்டன்.

கீழே தளத்தில், கார்களுக்கெல்லாம் முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே அவருடைய ஒரே மகள், நிறைமாதம். காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில்.

“அசையவே மாட்டேங்குதுப்பா” என்று ஏறும்போது சொன்னாள். அதிலிருந்து அவருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் இதே ஃபெர்ரி நடுத்தண்ணீரில் பொசுக்கென்று நின்றுபோனது. நெஞ்சுவலியோடு காரில் கிடந்த ஒருவர், கரை கண்ணுக்குத் தெரிந்தும் போய்ச் சேரவில்லை; உயிர்தான் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் கேப்டன் ஒற்றைக்காலில் நின்று ஃபெர்ரியைப் பட்டறைக்கு ஏற்றினார். துருவேறிய அடித்தகடுகள் மாறின. கார் ஏறும் பலகை மாறியது. கிழட்டு எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள்.

புதியது போட்ட சத்தத்தில் தளமே அதிர்ந்தது. அந்த இரைச்சல் இருக்கிறவரை பயமில்லை என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் கதவு திறந்தது. காதில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்போடு நர்ஸ் குதித்து இறங்கி, மேலே பார்த்து இரண்டு கையையும் வீசினாள். ஏதோ கத்தினாள், ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

‘சீக்கிரம் போகச் சொல்றா!’ கேப்டன் வேகத்தை முழுசாகத் திருகினார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு எஞ்சின் இருக்கும் பின்பக்கம் ஓடினாள்.

கரையில் வீடுகள் தெரிய ஆரம்பித்தன. இன்னும் கொஞ்சம்தான்.

எஞ்சின் நின்றது.

தண்ணீர் சலசலத்தது. ஃபெர்ரி சும்மா மிதந்தது. கேப்டன் ஸ்டார்ட் பட்டனைக் குத்தினார், மறுபடி குத்தினார். பதிலில்லை.

இரும்பு ஏணியில் எஞ்சின்காரன் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“இதுவும் போச்சாடா?”

“இல்லண்ணே. நான்தான் நிறுத்தினேன்.”

கேப்டன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “உள்ள கிடக்கிறது என் பொண்ணுடா, பாவி!”

“தெரியும்ணே. உங்களைக் கேட்டா விட்டிருக்க மாட்டீங்க.”

ஓங்கிய கையை எஞ்சின்காரன் தடுக்கவில்லை. எட்டி அவர் வாயைத்தான் பொத்தினான்.

“கத்தாதீங்கண்ணே... நர்ஸுக்கு இப்பதான் குழந்தையோட துடிப்பு கேக்குது.”