கல்லில் இல்லாத எழுத்து

"கல்லுல என்ன இருக்கோ அதைத்தான் படிப்பேன். இல்லாத எழுத்து ஒண்ணுகூடச் சேர்க்க மாட்டேங்க" என்றார் பேராசிரியர் சவுரியப்பன்.

காளியப்பனுக்குச் சுருக்கென்றது. பாப்பாரப்பட்டிப் பக்கம் தன் நிலத்தில், வேடியப்பன் என்று ஊர் கும்பிடும் பழைய நடுகல்லுக்குப் புதுக் கொட்டகை போட்டிருந்தார். பலகையில் முப்பாட்டன் பெயரை எழுதப் பெயிண்டரைக்கூட வரவழைத்தாயிற்று. கல்லிலிருந்த வட்டெழுத்தோ, மாடு மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒரு சேவகன் பெயரைச் சொன்னது.

"ஊரே எங்க பாட்டன்னுதான் கும்பிடுது. நீங்க ஒரு வார்த்தை ஆமான்னா என்ன கொறஞ்சிடும்?"

"பொய்யாயிடுங்க."

சவுரியப்பன் அப்படித்தான். கார்கில் போரில் துப்பாக்கி பிடித்தவர். திரும்பி வந்து தமிழ் படித்து, கல்லூரியில் சங்கப் பாட்டு நடத்தி ஓய்வு பெற்றவர். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊர் பேசுவது அவருக்கும் தெரியும். அதற்காகவெல்லாம் அவர் அசைகிற ஆளில்லை.

கல்லைப் படிப்பதைப் பார்க்க வந்த கூட்டம் கலைந்ததும் தீர்த்தம்மாள் வந்தாள். அவள் மகன் மாது, சவுரியப்பனோடு போருக்குப் போய்த் திரும்பாதவன். அவன் கடைசியாக எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது சவுரியப்பன்தான். எழுத்தறியாத கிழவி அதை வேறு யாரிடமும் காட்டியதில்லை. அவர் இந்தப் பக்கம் வந்தால் மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

அவர் கொட்டகையிலேயே உட்கார்ந்து படித்தார்.

"ஆத்தா, உன் கையால களி தின்னு எத்தனை நாளாச்சு. கோவத்துல பேசிட்டு வந்துட்டேன், மனசுல வெச்சுக்காத. லீவுல வந்து உன் மடியிலதான் படுத்துக்குவேன்…"

தீர்த்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்றிருந்த காளியப்பனுக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "இதையாச்சும் இருக்கறபடி படிக்கறாரா?" என்றார்.

கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீயே பாத்துச் சொல்லு" என்று கடிதத்தைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள். சவுரியப்பன் தடுக்க எழுந்தார், முடியவில்லை.

கடிதத்தில் இரண்டே வரிதான் இருந்தது.

'நீ எனக்கு ஆத்தாவே இல்லை. செத்தாலும் அந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்.'

கிழவி காளியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கடிதத்தை மெல்ல மடித்து அவள் கையில் வைத்தார்.

"இருக்கறதைத்தான் படிச்சாருங்க, ஆயா. ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கலை."