கழற்றுகிற நேரம்

"அவசரப்படாதீங்கண்ணே. மொதல்ல கையைக் கழுவுங்க, அப்பறம் கண்ணாடி."

மேரி போட்ட சத்தத்தில் ரெங்கராஜ் கண்ணாடிக்குப் போன கையைக் கீழே இறக்கினார்.

மன்னார்புரத்தில் ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம், தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவச உடையில் டிரைவர் ரெங்கராஜ். அந்தப் பக்கம் இருதயமேரி. அதே வண்டியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறவள். முன்னமே உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு வந்து நின்றாள்.

கொரோனாவுக்கென்று வந்த இந்த உடையைப் போடுவது பெரும் பாடு. கழற்றுவது அதைவிடப் பெரும் பாடு. நாள் முழுக்க வெளியே ஒட்டிக்கொண்டிருந்த சனியன், கழற்றுகிற நேரத்தில்தான் ஆளைப் பிடிக்கும். அதனால் யாரும் தனியாகக் கழற்றக் கூடாது. ஒருவர் கழற்ற, இன்னொருவர் கோட்டுக்கு அப்பால் நின்று கண்கொட்டாமல் பார்த்து, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மேரி பார்த்துக் கழற்றிய ஒருவருக்கும் இதுவரை ஒன்றும் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, இந்தக் காலத்தில் கர்வப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஸ்ரீரங்கத்தில் மூச்சுத் திணறிக் கிடந்த ஒரு பெரியவரைக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு ரெங்கராஜின் முறை முடிந்தது. காலையில் வந்த டெஸ்ட்டிலும் ஒன்றுமில்லை. இதை மட்டும் பிசகில்லாமல் கழற்றிவிட்டால் போதும், வேலை நாட்களில் தங்க வைத்திருந்த லாட்ஜைக் காலி செய்துவிட்டு நேரே காட்டூர், வீடு.

பிசகினால் மறுபடியும் லாட்ஜ்தான்.

அவர் வீட்டுக்குப் போவதில் அவரைவிட மற்றவர்களுக்குத்தான் குஷி. துவாக்குடி வண்டியிலிருந்து இங்கே மாறி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆனந்தவள்ளி வைக்கிற கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எல்லார் வாயிலும் எச்சில் ஊற வைத்திருந்தார். வண்டிக்காரர்கள் ஒருத்தரும் அண்ணியைப் பார்த்ததில்லை, ஆனால் அண்ணியின் கைப்பக்குவம் எல்லாருக்கும் அத்துப்படி.

"இன்னிக்கு அண்ணி கையால சாப்பாடு. ம்ம், நடத்துங்க நடத்துங்க," என்றாள் மேரி.

ரெங்கராஜ் சிரித்தார். முகக்கவசத்துக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

கையுறையோடேயே கையைக் கழுவினார். கண்ணாடியைப் பின்பக்கமாகப் பிடித்துக் கழற்றினார். ஜிப்பை இறக்கினார். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி உடையைச் சுருட்டுவதற்காக அதன் மார்புப் பக்கத்தைப் பிடித்தார்.

பிடித்த அதே கையுறையோடு வலது கண்ணைக் கசக்கினார்.

"ஐயோ, அண்ணே! கண்ணுல கையை வச்சிட்டீங்களே!"

மேரி கோட்டைத் தாண்டப் பார்த்து, சட்டென்று நின்றுகொண்டாள். கண்ணைக் கழுவுங்க, கழுவுங்க என்று கத்தினாள். மேலதிகாரிக்குப் போன் போட்டாள். பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லாட்ஜில் தனி அறை, இரண்டு வாரம், கதவைத் தாண்டக் கூடாது.

பேசி முடித்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். கை தூக்கும்போதே கத்தியிருக்க வேண்டும், என் கண் எங்கே போச்சு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பாவம், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. கை தவறிப் பட்டதும் இல்லை. ரெங்கராஜ் தெரிந்துதான் கசக்கினார்.

லாட்ஜில் காலையிலும் சாயங்காலமும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, சாப்பிட்டீங்களா என்று எட்ட நின்று கேட்பார்கள். எல்லா அறையிலும் அதே கேள்விதான், அவருக்கென்று தனியாக இல்லை. இல்லாவிட்டால் என்ன? அந்தச் 'சாப்பிட்டீங்களா'வுக்காகத் தலையைச் சீவி, சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டுவதற்கு முன்பே கதவருகில் போய் நின்றுவிடுவார். காட்டூர் வீட்டை நினைத்தால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனை எடுத்தாள்.

"அண்ணி நம்பரைச் சொல்லுங்கண்ணே. பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நம்பரை அவரிடம் ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வாய் தானாகவே சொல்லிவிட்டது.

மேரி இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

"சுவிட்ச் ஆஃப்னு வருதேண்ணே?"

"சார்ஜ் போட மறந்திருப்பா. அவ எப்பவும் அப்படித்தான்," என்றார் ரெங்கராஜ்.

சித்திரையில், ஆஸ்பத்திரி வாசலில், இதே மாதிரி வெள்ளை உடை போட்ட யாரோ ஒருவர், ஆனந்தவள்ளியின் வளையலோடும் மூக்குத்தியோடும் அந்தப் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தபோதே சார்ஜ் தீர்ந்துதான் இருந்தது.