வேருக்குள் ஒடிந்தது

“வாயைத் திறங்க” என்று டாக்டர் சுந்தரபாண்டியன் சொல்வதற்குள், வெள்ளத்தாய் தலையைச் சாய்த்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி வாயைத் திறந்திருந்தாள். பல பேரிடம் காட்டி அலுத்தவள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றேழில் ராஜபாளையத்தில் அவர் கிளினிக் திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து பதினோரு மாதமாகியும் வலி நிற்கவில்லை.

“செஞ்ச டாக்டர்கிட்ட சொல்லலியாம்மா?”

“தெனமும் சொன்னேன். உள்ள ஒண்ணுமில்ல, அம்புட்டும் உன் பிரமைன்னாவ. பொறவு மதுரையில மனநோய் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாவ. மாத்திரை தின்னு தின்னு, எனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருச்சுன்னு நானும் நம்பிட்டேன்.”

எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர். வேரின் அடியில், ஊசி முனையளவுக்கு ஒரு வெள்ளைக் கீற்று.

“பிரமை இல்லம்மா. வேரைச் சுரண்டுற கம்பி உள்ளயே ஒடிஞ்சு நிக்கி. கழுவுற மருந்து அதைத் தாண்டி இறங்கல. அடியில சீழ் கட்டியிருக்கு. வெளிநாட்டுல லேசர் வச்செல்லாம் வேரைச் சுத்தம் பண்ணிப் பாக்காங்களாம். நம்மகிட்ட இருக்கது சிரிஞ்சுதான். ரெண்டு மூணு தடவை வந்தீங்கன்னா மெல்ல எடுத்துரலாம்.”

அவள் ஃபிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒடிஞ்சது செஞ்சவியளுக்குத் தெரியாம இருந்திருக்குமா?”

“எப்படித் தெரியாமப் போகும்? வெளிய எடுத்தா கம்பி நீளம் குறைஞ்சிருக்குமே. ஒடியிறது யாருக்கும் நடக்கும், எனக்கே நடந்திருக்கு. மறைச்சதுதான் தப்பு.”

கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் துடைக்கவில்லை. வீங்கிய தாடையைத் தாண்டி அது கழுத்துக்குப் போனது.

சுந்தரபாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. லெட்டர்பேடை இழுத்துப் போட்டார். “அந்த ஆளு பேரைச் சொல்லுங்க. நானே எழுதுதேன். இன்னொரு பொம்பளையக் கிறுக்கின்னு சொல்ல அவருக்கு நாக்கு வரக் கூடாது.”

வெள்ளத்தாய் ஃபிலிமை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“லெட்டர் வேண்டாம் டாக்டர். சாயங்காலம் நானே காட்டிக்கிடுதேன். அவிய என் வீட்டுக்காரரு.”