விருந்தாளிக்காக மாறிய பேச்சு

மார்ச் 4, செவ்வாய். மாலை வகுப்பு ஆசிரியை நெரிஸ் செய்த தவறு சிறியதுதான்: வந்தவருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டாள்; வகுப்பு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது.

ஒருவருக்கு வேல்ஷ் புரியாவிட்டால் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறுவது இந்த வேல்ஸ் நாட்டு மலையூரின் மரியாதை. மூன்று கல்லூரிகள் இணைந்த பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்திலிருந்து ஹார்கிரீவ்ஸ் வந்திருக்கிறார், இந்த மலை வளாகத்தில் உள்ளூர் மொழியான வேல்ஷில் நடக்கும் மாலை வகுப்பை மூடிவிடலாமா என்று பார்க்க. மழை சன்னலில் அறைகிறது. தேநீரில் ஆடை படிகிறது. அவர் பேனாவை மூடுகிறார். “எல்லாரும் இங்கிலீஷே நல்லாப் பேசறீங்களே, அப்புறம் வேல்ஷ்ல வகுப்பு எதுக்கு?” வகுப்பில் படிக்கும் பேருந்து ஓட்டுநர் இதெல் நெரிஸிடம் கிசுகிசுக்கிறான்: “நல்லா உபசாரம் பண்ணினே தாயி, வீட்டையே எழுதிக் குடுத்துட்டே.” நெரிஸ் ஹார்கிரீவ்ஸிடம் திரும்புகிறாள். “நாளைக்கும் வகுப்பு இருக்கு சார், வந்து கேளுங்க.” கோட்டை மாட்டியபடி அவர் தலையசைக்கிறார்.

நாளை வேலை: அலுவலகத்தில், வேல்ஷ் பேச்சை ஆங்கிலத்தில் கேட்க உதவும் மொழிபெயர்ப்புக் காதுக்கருவி கேட்டு வாங்குவது; அதை அவரிடம் நீட்டி, வேல்ஷில் வணக்கம் சொல்வது.